சாப்பிடாத ராத்திரியின் சர்க்கரை

காலை ஐந்தே முக்கால். வீட்டில் யாரும் எழுந்திருக்கவில்லை. மோதிர விரலின் ஓரத்தில் குத்தி, ஸ்ட்ரிப்பின் நுனியை ரத்தத்தில் தொட்டு வைத்தேன். சர்க்கரை மீட்டர் ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணிவிட்டுக் காட்டியது: 142.

நம்ப முடியவில்லை. முந்தின இரவு நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. படுக்கும்போது பார்த்தது 118. அதற்குப் பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. விரலில் ஏதாவது ஒட்டியிருக்கும் என்று சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு வேறு விரலில் குத்தினேன். 139. சரி, மீட்டர் பொய் சொல்லவில்லை.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். வரவே இல்லாமல் இருப்பு ஏறியிருந்தால், எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: எங்கோ ஒரு வரவு எழுதப்படாமல் விடுபட்டிருக்கிறது. சுகர் வந்த நாளிலிருந்து நான் ஒரு நோட்டுப் போட்டிருந்தேன். இடது பக்கம் சாப்பிட்டது, வலது பக்கம் மீட்டர் காட்டியது. வலது பக்கம் ஏறினால் இடது பக்கத்தில் குற்றவாளியைத் தேடுவேன். பெரும்பாலும் கிடைத்துவிடுவான். அன்று இடது பக்கம் காலியாக இருந்தது.

டைப் 2 என்று தெரிந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. முதல் முறை பார்த்தபோது மூன்று மாத சராசரி, அதாவது எச்பிஏ1சி, 7.4. மெட்ஃபார்மின் எழுதிக் கொடுத்தார்கள். நானும் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்து, வாரத்தில் இரண்டு மூன்று நாள் இரவுச் சாப்பாட்டையே நிறுத்திப் பார்த்தேன். நிறுத்திய நாள்களில்தான் காலை எண் இன்னும் மோசமாக இருந்தது. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனபோது, புகார் கொடுக்கப் போகிறவனுடைய மனநிலையில்தான் இருந்தேன்.

அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீங்க சாப்பிடலை, சரி. உங்க மூளை ராத்திரி முழுக்க எதைச் சாப்பிட்டுச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு கல்லீரலையும் அதற்குக் கீழே வாழைப்பூ மாதிரி ஒரு கணையத்தையும் வரைந்தார். ஓவியம் சுமார்தான். அவர் சொன்ன கணக்கு அப்படியில்லை. உடம்பில் ஓடுகிற மொத்த ரத்தத்திலும் கரைந்திருக்கிற குளுக்கோஸ் ஏறக்குறைய 5 கிராம். ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான். மூளைக்கு மட்டும் ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் வேண்டும், தூங்கினாலும் விழித்திருந்தாலும். அதாவது மணிக்கு 5 கிராம். வெளியிலிருந்து எதுவும் வராத எட்டு மணி நேரத்தில், ரத்தத்தில் இருக்கிற இருப்பு மூளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டாது. மீதியைக் கல்லீரல் போடுகிறது. சுமார் 100 கிராம் அளவுக்குக் கிளைகோஜனாக அங்கே சேமிப்பு உண்டு. அது போதவில்லை என்றால் புரதத்திலிருந்தும் தசை கழித்துப் போட்ட லாக்டேட்டிலிருந்தும் புதிதாகவே குளுக்கோஸ் தயாரிக்கும்.

விடுபட்ட வரவு அங்கே இருந்தது. நான் சாப்பிடாத சர்க்கரையை என் கல்லீரல் எழுதிக்கொண்டிருந்தது.

எல்லோருக்கும் கல்லீரல் இதைத்தான் செய்கிறது. ஆரோக்கியமான ஆளுக்கு ஏன் ஏறுவதில்லை என்றால், அங்கே கையைப் பிடித்து நிறுத்த ஆள் இருக்கிறது. கணையத்துக்குள் தீவுத்தீவாகச் செல்கள் இருக்கின்றன. கணையத்தின் எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். 1869இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் தன் ஆய்வேட்டுக்காக மைக்ராஸ்கோப்பில் பார்த்து, சுற்றியிருக்கிறவற்றோடு சேராத செல் கூட்டங்கள் என்று எழுதிவைத்தார். அவற்றுக்கு என்ன வேலை என்று அவருக்குத் தெரியாது. அந்தத் தீவுகளில் பீட்டா செல்கள் இன்சுலினையும் ஆல்ஃபா செல்கள் குளுக்ககானையும் சுரக்கின்றன. "கொடு" என்பது குளுக்ககான். "போதும், நிறுத்து, உள்ளே எடுத்து வை" என்பது இன்சுலின். இரண்டும் கணையத்திலிருந்து கிளம்பி நேராகப் போய்ச் சேர்கிற முதல் இடம் கல்லீரல்தான். கணையம் சுரக்கும் இன்சுலினில் ஏறக்குறையப் பாதி முதல் சுற்றிலேயே அங்கு தங்கிவிடுகிறது.

இன்சுலினைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். குளுக்ககானைப் பற்றி யாரும் எனக்குச் சொன்னதில்லை. இரண்டு வருடமாகச் சுகர்காரனாக இருந்தும் அந்தப் பெயரையே அன்றுதான் கேட்டேன். இத்தனைக்கும் அது இன்சுலினுக்கு ஒன்றிரண்டு வருடம்தான் இளையது. 1921இல் டொராண்டோவில் இன்சுலினைப் பிரித்தெடுத்த காலத்தில், கணையச் சாற்றைச் செலுத்தினால் சர்க்கரை இறங்குவதற்கு முன் சிறிது நேரம் ஏறுவதைக் கவனித்தார்கள். சாற்றில் கலந்திருந்த வேறொன்றின் வேலை அது. 1923இல் அதற்குக் குளுக்ககான் என்று பெயர் வைத்தார்கள்.

டைப் 2 வந்தவர்களுக்கு இரண்டு பக்கமும் கோளாறு. இன்சுலின் சொல்வது கல்லீரலின் காதில் சரியாக விழுவதில்லை. ஆல்ஃபா செல்லோ அடங்க வேண்டிய நேரத்தில் அடங்காமல் "கொடு, கொடு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. விடியற்காலையில் கார்டிசோல் என்ற ஹார்மோனும் வளர்ச்சி ஹார்மோனும் வேறு சேர்ந்து கல்லீரலை உசுப்பிவிடுகின்றன. நாம் எழுந்து நடமாடப் போகிறோம் என்று உடம்பு செய்துவைக்கிற முன்னேற்பாடு அது. ஆரோக்கியமான கணையம் அதற்கேற்ப இரண்டு சொட்டு இன்சுலினைக் கூட்டிச் சமாளித்துவிடும். என்னுடையதால் முடியவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டேன். சாப்பிடாத இரவுகளில் மெட்ஃபார்மினையும் போடவில்லை. சாப்பாடே இல்லை, அப்புறம் மாத்திரை எதற்கு என்று நினைத்துவிட்டேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அந்த மாத்திரைக்கு முக்கியமான வேலையே கல்லீரல்லதான். நீங்க சாப்பிட்டதைக் குறைக்கறதுக்கு இல்ல அது."

குற்றவாளியை இடது பக்கத்தில் தேடிக்கொண்டிருந்தேன். காவல்காரனுக்கு லீவு கொடுத்தது நான்தான். அன்றிலிருந்து இரவில் கொஞ்சமாக, ஆனால் சீக்கிரமாகச் சாப்பிட்டு, சாப்பாட்டோடு மாத்திரையையும் போட்டேன். மூன்று வாரத்தில் காலை எண் 115க்கும் 125க்கும் நடுவில் வந்து நின்றது. பட்டினி கிடந்தால் எல்லோருக்கும் இப்படி ஏறும் என்று சொல்ல வரவில்லை. சிலருக்கு இறங்கவும் செய்யும். என் கதையில் பட்டினியைவிட மாத்திரையை விட்டதுதான் பெரிய தப்பு.

அடுத்த தப்பு இதற்கு நேர் எதிரானது.

ஒரு வருடம் கழித்து சராசரி மறுபடி ஏறியது. சல்ஃபோனைல்யூரியா வகையில் ஒரு மாத்திரையைச் சேர்த்தார்கள். சாப்பாடு இல்லாவிட்டாலும் மெட்ஃபார்மினைப் போட வேண்டும் என்ற பாடத்தை நான் நன்றாகவே படித்திருந்தேன் அல்லவா, இதையும் அப்படியே வைத்துக்கொண்டேன். ஒரு நாள் காலையில் மாத்திரை போட்டுவிட்டு, அவசர வேலையில் உட்கார்ந்து, சாப்பாட்டை ஒத்திப்போட்டுக்கொண்டே போனேன்.

பன்னிரண்டரை இருக்கும். ஒரு பத்தியைக் கூட்டிக்கொண்டிருந்தேன். மூன்று முறை கூட்டினேன், மூன்று விடை வந்தது. நான்காவது முறை எட்டும் ஏழும் என்ன என்பதே வரவில்லை. எதிரில் இருந்த பையன் ஏதோ கேட்டான். அவன் மீது காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தேன். அப்புறம்தான் சட்டைக் காலர் நனைந்திருப்பதும் விரல்கள் நடுங்குவதும் தெரிந்தது. பைக்குள் இருந்த மீட்டரின் ஜிப்பைத் திறக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. 58.

சர்க்கரை இறங்கும்போது உடம்பு கைகட்டி நிற்பதில்லை. முதலில் பீட்டா செல் இன்சுலினை நிறுத்தும். அப்போதும் இறங்கினால் ஆல்ஃபா செல் குளுக்ககானை அனுப்பும். கூடவே அட்ரினலினும் கிளம்பும். வியர்வை, நடுக்கம், படபடப்பு எல்லாம் அட்ரினலின் அடிக்கிற மணி. கூட்டல் வராததும் கோபம் வந்ததும் மூளைக்குக் குளுக்கோஸ் தட்டியதால். என் விஷயத்தில் முதல் காவல் வேலை செய்யவில்லை. சாதாரணமாகப் பீட்டா செல் ரத்தத்தில் குளுக்கோஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கும். இந்த மாத்திரை அந்தச் செல்லில் இருக்கிற பொட்டாசியம் வாயிலை அடைத்து, குளுக்கோஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்சுலினை வெளியே தள்ள வைக்கிறது. சாப்பிடாதவன் போட்டால் இதுதான் கதி.

அடுத்து நான் செய்தது இன்னும் அழகு. மேசையில் இருந்த சாக்லேட்டைத் தின்றேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், ஒன்றும் ஆகவில்லை. பயத்தில் இன்னொன்று, அப்புறம் கையில் அகப்பட்ட பிஸ்கட் எல்லாம். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 246. சாக்லேட்டில் கொழுப்பு இருக்கிறது. கொழுப்பு குடலைத் தொட்டதும் "மெதுவாக அனுப்பு" என்று இரைப்பைக்குச் சேதி போய்விடுகிறது. அவசரத்துக்குத் தேவைப்பட்ட சர்க்கரை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. 70க்குக் கீழே போனால் 15 கிராம் அளவுக்கு வெறும் குளுக்கோஸ் அல்லது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு 15 கிராம். ஏறியதும் ஏதாவது சாப்பிட்டுவிட வேண்டும், ஏனென்றால் அந்த மாத்திரை இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். அந்தப் பதினைந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பது இருக்கிறதே, அதைவிடக் கஷ்டமான ஒன்றை இந்த வியாதியில் நான் பார்க்கவில்லை. குளுக்கோஸ் மாத்திரைகள் இப்போது சட்டைப் பையிலேயே இருக்கின்றன. மீட்டர் பை ஜிப்பையும் பிடுங்கிப் போட்டுவிட்டேன்.

இந்த இரண்டு தப்புக்குப் பிறகு ஒரு வழக்கம் வந்தது. புது மாத்திரை எழுதினால் "இது உடம்பில் யாரோடு பேசுகிறது?" என்று கேட்பேன். கல்லீரலோடா, பீட்டா செல்லோடா, குடலோடா, சிறுநீரகத்தோடா? சாப்பிடாத நாளில் போடலாமா கூடாதா என்பதற்குப் பாதி விடை அதிலேயே வந்துவிடும். டாக்டர்கள் இந்தக் கேள்விக்குச் சலித்துக்கொண்டதில்லை. உண்மையைச் சொன்னால், கேட்டதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

குடலுக்கு வருகிறேன். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

நரம்பு இல்லாமலும் உறுப்புகள் பேசிக்கொள்ளும் என்பதையே முதலில் குடலில்தான் கண்டுபிடித்தார்கள். 1902இல் லண்டனில் வில்லியம் பேலிஸும் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும், குடலுக்குப் போகும் நரம்புகளை அறுத்த பிறகும் அங்கே அமிலம் பட்டால் கணையம் சுரக்கிறது என்று காட்டினார்கள். குடலிலிருந்து ரத்தம் வழியாகப் போன அந்தச் சேதிக்காரனுக்கு செக்ரிடின் என்று பெயர். மூன்று வருடம் கழித்து இந்த வகைக்கெல்லாம் சேர்த்து ஸ்டார்லிங் சொன்ன சொல்தான் ஹார்மோன். சர்க்கரை விஷயத்திலும் குடலிலிருந்து கணையத்துக்கு ஏதோ சேதி போகிறது என்று சந்தேகப்பட்டு, 1932இல் அதற்கு இன்க்ரெடின் என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். ஆனால் ரத்தத்தில் இருக்கிற இன்சுலினை அளக்கவே அப்போது வழி இல்லை. அளக்க முடிந்ததும், 1964இல் விஷயம் வெளியே வந்தது. குளுக்கோஸை ரத்தக்குழாய் வழியாக ஏற்றினால் வருகிற இன்சுலினைவிட, வாய் வழியாகக் கொடுத்தால் வருகிற இன்சுலின் மிக அதிகம். இரண்டிலும் ரத்தச் சர்க்கரையை ஒரே அளவுக்குக் கொண்டுவந்து பார்த்தாலும் அப்படித்தான். ஆரோக்கியமானவர்களுக்கு, குளுக்கோஸ் குடித்த பிறகு சுரக்கும் இன்சுலினில் பாதிக்கு மேல் குடல் கேட்டு வாங்கியது.

அந்தச் சேதிக்காரர்கள் இருவர். சிறுகுடலின் மேல்பகுதியில் இருக்கும் கே செல்களிலிருந்து வருவது ஜிஐபி. கீழே போகப் போக அதிகமாக இருக்கிற எல் செல்களிலிருந்து வருவது ஜிஎல்பி-1. சாப்பாடு குடல் சுவரைத் தொட்டதும் கிளம்பிவிடுவார்கள். ஜிஎல்பி-1 ஒன்றே நாலு இடத்தில் வேலை பார்க்கிறது. பீட்டா செல்லிடம் "வந்துகொண்டிருக்கிறது, தயாராக இரு" என்கிறது. ஆல்ஃபா செல்லை அடக்குகிறது. இரைப்பையை மெதுவாகக் காலி செய்யச் சொல்கிறது. மூளையிடம் போதும் என்கிறது. இதில் கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறியிருந்தால்தான் பீட்டா செல் அதன் பேச்சைக் கேட்கும். இறங்கியிருந்தால் கேட்காது. எனக்கு 58 வரவழைத்த மாத்திரைக்கு இல்லாத நிதானம் அது.

டைப் 2 உள்ளவர்களிடம் இந்தக் குடல் உதவி பெரிதும் குறைந்துவிடுகிறது. ஜிஐபி வருகிறது, பீட்டா செல் அதைச் சரியாகக் காதில் வாங்குவதில்லை. ஜிஎல்பி-1 தூக்கலாகக் கிடைத்தால் மட்டும் இன்னும் கேட்கிறது. பின்னால் வந்த மருந்துகள் எல்லாம் பிடித்துக்கொண்ட நூல் அதுதான்.

மருந்துக்கு முன்னால் சென்சார். கையில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையை விடாமல் அளக்கிற, பதினான்கு நாள் தாங்கும் ஒன்றை வாங்கி ஒட்டிக்கொண்டேன். ஐந்து நாள் ஒழுங்காக எதையும் செய்யாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது வேறு விஷயம். இரண்டாம் நாள் ராத்திரி மூன்று மணிக்கு அலறியது: 61. எழுந்து விரலில் குத்தினால் 104. அந்தக் கையின் மேலேயே படுத்திருந்தேன். அழுத்தினால் அந்த இடத்தில் திரவ ஓட்டம் குறைந்து பொய்யாகத் தாழ்வு காட்டும் என்று அப்புறம் தெரிந்தது. சென்சார் பார்ப்பது ரத்தத்தை அல்ல, செல்களுக்கு நடுவில் இருக்கிற திரவத்தை. அதனால் வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் சில நிமிடம் பின்தங்கித்தான் சொல்லும். உடம்பு ஒன்று சொல்லி சென்சார் வேறொன்று சொன்னால் விரலில் குத்திப் பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாம் வாரம் சோதனையில் இறங்கினேன். ஒரே தட்டு: காய்கறி, முட்டை, மாவுப் பண்டம். அளவும் ஒன்றே, நேரமும் ஒன்றே. முதல் இரண்டு நாள் மாவை முதலில் சாப்பிட்டேன். உச்சம் 212, 205. அடுத்த இரண்டு நாள் காய், முட்டை, பத்து நிமிடம் இடைவெளி, அப்புறம் மாவு. 171, 166. கடைசி இரண்டு நாள் அதே வரிசை, சாப்பிட்டு முடித்த கையோடு பதினைந்து நிமிட நடை. 149, 153.

தட்டில் ஒரு கிராமும் மாறவில்லை. என் பழைய நோட்டில் எழுதியிருந்தால் ஆறு நாளும் இடது பக்கம் ஒரே வரிதான் இருந்திருக்கும். புரதமும் காயும் முதலில் போய்க் குடலைத் தொட்டதால் ஜிஎல்பி-1 முன்கூட்டியே கிளம்புகிறது, இரைப்பையின் வாசல் குறுகுகிறது, பின்னால் வருகிற மாவு வரிசையில் நின்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது. இது எனக்கு ஏன் இவ்வளவு உதவுகிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஆரோக்கியமான பீட்டா செல் சாப்பிட்டதுமே, தயாராக வைத்திருக்கிற இன்சுலினை முதல் சில நிமிடங்களில் ஒரே வீச்சில் விடும். அப்புறம்தான் நிதானமான இரண்டாம் கட்டம். டைப் 2வில் அந்த முதல் வீச்சு சீக்கிரமே போய்விடுகிறது. ஓட முடியாதவனுக்காக வண்டியை மெதுவாக ஓட்டுவது மாதிரிதான் இந்த வரிசை.

நடையின் கணக்கு வேறு. சுருங்குகிற தசை, இன்சுலின் வந்து தட்டாமலே தன் குளுக்கோஸ் கதவுகளைத் திறந்துகொள்ளும். அதனால்தான் நேரம் முக்கியம். காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறவன் நான், அதை நிறுத்தவில்லை. ஆனால் சாப்பாட்டுக்குப் பின் நடக்கிற அந்தப் பதினைந்து நிமிடம் உச்சத்தை வெட்டுவதைக் கண்ணால் பார்த்த பிறகு, எதை விட்டாலும் அதை விடுவதில்லை. கால் வலித்தால் நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவேன். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேகமாகத் தின்பவன் நான். ஏழு நிமிடத்தில் தட்டு காலியாகிவிடும். குடலிலிருந்து "போதும்" வருவதற்குள் இரண்டாம் தடவை பரிமாறிக்கொண்டிருப்பேன். இதை மாற்ற எடுத்துக்கொண்ட பாட்டை எழுதினால் அதுவே தனிக் கட்டுரையாகும். இன்னும் முழுதாக மாறவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் சராசரி 7.9இல் நின்றது. கண்டுபிடிக்கும் சமயத்திலேயே பீட்டா செல்களின் திறனில் பெரும் பங்கு போயிருக்கும், வருடம் போகப் போக இன்னும் குறையும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அதனால் எனக்கு அது தோல்வியாகத் தெரியவில்லை. வாரம் ஒரு முறை போடும் ஜிஎல்பி-1 ஊசிக்கு ஒப்புக்கொண்டேன். சல்ஃபோனைல்யூரியாவை அவரே நிறுத்தினார். இரண்டையும் ஒன்றாக வைத்தால் மறுபடி ஒரு 58 வரலாம்.

உடம்பில் இயல்பாக வருகிற ஜிஎல்பி-1 ரத்தத்தில் இரண்டு நிமிடத்துக்குள் பாதியாகிவிடும். டிபிபி-4 என்ற நொதி அதை வெட்டிப் போடுகிறது. அந்த நொதியைத் தடுப்பது ஒரு வழி. கிளிப்டின் என்று முடிகிற மாத்திரைகள் அவை. வெட்டுப்படாத மாதிரியான ஒன்றைச் செய்து செலுத்துவது இன்னொரு வழி. அப்படி முதலில் கிடைத்த ஒன்று ஒரு பல்லியின் எச்சிலில் இருந்தது. அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிகோவிலும் பாலைவனத்தில் வாழும் கிலா என்ற விஷப் பல்லி. ஜான் எங் என்ற மருத்துவர் அதில் ஜிஎல்பி-1ஐப் போன்ற ஒரு புரதத்தைக் கண்டு 1992இல் வெளியிட்டார். அதிலிருந்து வந்த எக்சனடைடு என்ற மருந்து 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. செமாக்ளூடைடு 2017. அதன் அரை ஆயுள் ஏறக்குறைய ஒரு வாரம். இரண்டு நிமிடம் எங்கே, ஒரு வாரம் எங்கே! 2022இல் வந்த டிர்செபடைடு ஜிஐபி, ஜிஎல்பி-1 இரண்டின் குரலிலும் பேசுகிறது.

முதல் மாதம் குமட்டல். நான்காவது வாரம் பழக்க தோஷத்தில் வழக்கமான அளவு சாப்பிட்டுவிட்டு, ராத்திரி பதினொரு மணிக்குச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் சாப்பிட்டது நெஞ்சுக்குக் கீழே கல் மாதிரி நின்றது. இரைப்பையை மெதுவாக்குவது அந்த ஊசியின் வேலை என்று எனக்கே தெரியும். தெரிந்தும் தட்டைக் குறைக்கவில்லை. அப்புறம் சின்னத் தட்டு வாங்கினேன். எண்ணெய் கூடின சாப்பாட்டை விட்டேன். பசி போன பிறகு கரண்டியை வைத்துவிடக் கற்றுக்கொண்டேன். டோஸைக் கூட்டும் நேரம் வந்தபோது, இன்னும் நான்கு வாரம் இதிலேயே இருக்கட்டுமா என்று கேட்டேன். தாராளமாக என்றார். படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும், அவசரம் யாருக்கும் இல்லை.

யாரும் கேட்காமலே நான் எல்லோரிடமும் சொல்வது இரண்டு உண்டு. மேல்வயிற்றில் ஆரம்பித்து முதுகு வரை போகிற, விடாத கடும் வலி வந்தால் வாயுத் தொல்லை என்று படுத்துக்கொள்ளக் கூடாது. கணைய அழற்சியாக இருக்கலாம், ஊசியை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இன்னொன்று, மயக்க மருந்து கொடுக்கிற எந்தச் சிகிச்சைக்குப் போனாலும், அது பல்லாக இருந்தாலும், இந்த ஊசி போடுவதை முன்பே சொல்லிவிட வேண்டும். வெறும் வயிறு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது அதில் நேற்றைய சாப்பாடு இருக்கலாம்.

ஆறு மாதத்தில் சராசரி 6.6. எடை 91இலிருந்து 84. காலை எண் பெரும்பாலும் 105 பக்கத்தில். நோட்டில் இப்போது இடது பக்கம் நாலு கட்டம் ஆகிவிட்டது: சாப்பிட்டது, சாப்பிட்ட வரிசை, நடை, தூக்கம். தூக்கத்தைச் சேர்க்கக் காரணம், நாலு மணி நேரம் தூங்கிய மறுநாள் அதே சாப்பாட்டுக்கு எண் ஏறியே வருகிறது. தூக்கம் கெட்டால் இன்சுலினின் பேச்சு இன்னும் எடுபடாமல் போகிறது.

போன வாரம் அக்கா போன் செய்தாள். அவளுக்குப் பதினைந்து வருடமாகச் சுகர். குரலிலேயே கலக்கம் தெரிந்தது.

"தம்பி, மூணு நாளா இருநூத்தம்பதுக்குக் கீழ இறங்கவே மாட்டேங்குதுடா. சத்தியமா நான் ஒண்ணும் தப்பாச் சாப்பிடலை."

"சாப்பாட்டை விடுக்கா. உடம்புக்கு ஏதாவது பண்ணுச்சா? புதுசா மருந்து எதுவும்?"

"மருந்தெல்லாம் அதேதான். முட்டி வலின்னு போன செவ்வாக்கிழமை ஒரு ஊசி போட்டாங்க, முட்டிக்குள்ளயே."

"ஸ்டீராய்டா?"

"அப்படித்தான் ஏதோ சொன்னாங்க."

ஸ்டீராய்டு என்பது கார்டிசோலின் பெரியண்ணன். முட்டியில் போட்டாலும் கொஞ்சம் ரத்தத்துக்கு வந்து, கல்லீரலைத் தட்டி எழுப்பி, இன்சுலினை ஒதுக்கி வைத்துவிடும். சில நாளில் தானே அடங்கும். மாத்திரையை நீயாகக் கூட்டாதே, தண்ணீர் நிறையக் குடி, சுகர் டாக்டருக்கு இப்பவே போன் பண்ணி ஊசி விஷயத்தைச் சொல்லு என்றேன். சரிடா என்றாள். ஞாயிற்றுக்கிழமை அவளே கூப்பிட்டு, நான் கேட்பதற்கு முன்னால் எண்ணைச் சொன்னாள்: 147.